குளிர்காலமும் பழைய டீசல் வண்டிகளும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவது மரபு. இசை பேசுவதும் மரபு. இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருளோ, பழைய டீசல் வண்டிகளைக் குளிர்காலக் காலையில் ஓடச் செய்வது எப்படி என்பது. இதைக் கேட்டு அவையில் சிலர் புன்முறுவல் பூப்பதைக் காண்கிறோம். ஆயினும் இப்பொருளுக்கும் நம் வாழ்வுக்கும் உள்ள தொடர்பு சிறிதன்று. மார்கழியும் தையும், அதாவது வங்காளத்தார் பௌஷ், மாக் என்று வழங்கும் இரு மாதங்களும், வந்துவிட்டால் காலனியின் விடியலைக் கலைப்பது பழைய வண்டி ஒன்றின் முனகலே. பத்து முறை முனகும், பிறகு வெள்ளைப் புகையைக் கக்கும், பிறகு ஓய்ந்துவிடும். மங்கி கேப் அணிந்த நால்வர் கூடித் தள்ளுவர். ஏன் இப்படி என்று கேட்டால், எல்லோரும் ஒரே விடை கூறுவர்: "குளிர்!"

கல்கத்தாவைப் பொறுத்தமட்டில் இவ்விடை பெரும்பாலும் தவறானது என்பதை எடுத்துக்காட்டவே இன்று இங்கு நிற்கிறோம். இந்நகரத்துக் குளிர் நல்ல வண்டியை நிறுத்துவதில்லை. வண்டியில் முன்பே இருந்த நோயை அது வெளிப்படுத்துகிறது, அவ்வளவே. நோயை அறிந்தால் மருந்து எளிது. நோயை மறைத்துக் குளிரின்மேல் பழி சுமத்தினால் பொருள் நட்டமும் உயிர் ஆபத்தும் நேரும்.

முதலில், டீசல் எஞ்சின் எவ்வாறு உயிர் பெறுகிறது என்பதைக் காண்போம். பெட்ரோல் எஞ்சினில் எரிபொருளைப் பற்றவைக்க மின்பொறி உண்டு. டீசல் எஞ்சினில் அது கிடையாது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பைப் பலமுறை அழுத்திய சிறுவன் அதன் அடிப்பாகம் சுடுவதை அறிவான். காற்றை விரைந்து நெருக்கினால் அது சூடேறும். ருடால்ஃப் டீசல் என்ற ஜெர்மானியப் பொறியியலறிஞர் இவ்வியல்பையே அடிப்படையாகக் கொண்டு 1893ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். 1897ஆம் ஆண்டில் ஆக்ஸ்பர்க் நகரில் தமது எஞ்சினை வெற்றியுடன் ஓட்டிக் காட்டினார். ஸிலிண்டருக்குள் புகுந்த காற்றைப் பிஸ்டன் பதினாறில் ஒரு பங்காகவோ இருபதில் ஒரு பங்காகவோ நெருக்குகிறது. ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினில் அக்காற்றின் வெப்பம் 500 டிகிரி செண்டிகிரேடுக்கும் மேற்செல்லும். அந்த அனற்காற்றில் எண்ணெயை நுண்துளிகளாகப் பீச்சியதும் அது தானே பற்றிக்கொள்கிறது.

இரவு முழுதும் நின்ற எஞ்சினின் நிலை வேறு. ஸ்டார்ட்டர் மோட்டார் அதனை மெல்லச் சுழற்றுகிறது. நெருக்கப்படும் காற்றின் வெப்பத்தைக் குளிர்ந்த இரும்புச் சுவர்கள் உறிஞ்சிவிடுகின்றன. பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருந்தால் காற்றில் ஒரு பகுதி கீழே நழுவிவிடுகிறது. வெளிக்காற்றில் ஒரு டிகிரி குறைந்தால், நெருக்கத்தின் முடிவில் இரண்டு மூன்று டிகிரி குறையும் என்பது கணக்கு. மே மாதத்துப் பகல் 36 டிகிரி என்றும், ஜனவரி விடியல் 12 டிகிரி என்றும் வைத்துக்கொண்டால் வேறுபாடு 24 டிகிரி. ஸிலிண்டருக்குள் அது 50 முதல் 70 டிகிரி வரை இழப்பாகும். கட்டுக்கோப்பான எஞ்சினுக்கு இவ்விழப்பு பொருட்டன்று. கையிருப்பு உள்ள குடும்பம் திடீர்ச் செலவைத் தாங்குவதுபோல் அது தாங்கிக்கொள்ளும். தேய்ந்த எஞ்சினோ மாதக் கடைசியில் வாழும் குடும்பத்தைப் போன்றது. வேனிற்காலத்திலேயே அதன் கையிருப்பு கரைந்துவிட்டது. ஐம்பது டிகிரி இழப்பை அதனால் தாங்க இயலாது.

நம் நகரத்தின் குளிர்தான் எத்துணை? 2013ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் கல்கத்தாவில் வெப்பம் 9 டிகிரிக்கு இறங்கியது. அதுவே செய்தித்தாள்கள் வியந்து எழுதிய பெருங்குளிர். சாதாரண ஜனவரியில் விடியற்காலை வெப்பம் 12 முதல் 14 டிகிரி வரை இருக்கும். மாறாக, லடாக்கில் டீசல் எண்ணெயே தொட்டியில் உறைந்துபோகும். அதன்பொருட்டு, மைனஸ் 33 டிகிரி வரை உறையாது ஓடும் தனிவகை டீசலை இந்தியன் ஆயில் நிறுவனம் 2019ஆம் ஆண்டு நவம்பரில் அங்கே அறிமுகப்படுத்தியது. அந்நாட்டுக் குளிரைக் குளிர் என்று ஒப்பலாம். நம் ஊர்க் குளிர் அதற்குத் தம்பியும் அன்று, தூரத்து உறவினன்.

எண்ணெய் உறைவதைப் பற்றி நம் தாய்மார்களுக்கு எடுத்துச் சொல்லவேண்டுவதில்லை. தேங்காய் எண்ணெய்க் குப்பி கார்த்திகை பிறந்ததும் வெண்ணெய்போல் இறுகிவிடுகிறது; அதனை ஜன்னலோர வெயிலில் வைத்து உருக்குகின்றோம். டீசலிலும் மெழுகு போன்ற பொருள் கலந்திருக்கிறது. குளிர்ந்தால் அது நுண்ணிய துகள்களாகத் திரண்டு ஃபில்டரின் கண்களை அடைத்துவிடும். இந்தியத் தர நிர்ணயத்தின்படி, குளிர்காலத்தில் விற்கும் டீசல் 6 டிகிரி வரை ஃபில்டரை அடைக்காமல் ஓடவேண்டும். கோடைகால டீசலுக்கு அவ்வரம்பு 18 டிகிரி. குளிர்காலத்தில் புதிதாக நிரப்பிய எண்ணெய் நம் ஊரில் அடைத்துக்கொள்ளாது என்பது இதனால் விளங்கும். ஆனால் ஜூன் மாதத்தில் தொட்டியை நிரப்பி, வண்டியை ஷெட்டில் பூட்டிவிட்டு ஊருக்குச் சென்றவர், ஜனவரியில் திரும்பி வந்து சாவியைத் திருப்பினால் அங்கே இருப்பது கோடைகால எண்ணெய். 12 டிகிரிக் காலையில் அது இடர் தரக்கூடும். அத்தகையோர் புது எண்ணெய் கலந்து நிரப்பிய பிறகே வண்டியை எதிர்பார்க்கவேண்டும்.

இனி, நோயறியும் வழியைக் கூறுவோம். கிளம்பாத டீசல் வண்டி மூவகைக் குறி காட்டும்.

முதற்குறி: எஞ்சின் மெல்ல, சோம்பலாகச் சுழலும். இது மின்சாரத்தின் நோய். பாட்டரியின் ஆற்றல் இரசாயன மாற்றத்தால் விளைவது; குளிரில் அம்மாற்றம் மந்தமாகும். நீர் உறையும் 0 டிகிரியில் பாட்டரி தன் கொள்ளளவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பகுதியை இழக்கும். கல்கத்தாவில் இழப்பு அதனினும் மிகக் குறைவு. புதிய பாட்டரிக்கு அது தெரியவே தெரியாது. நான்கைந்து ஆண்டு உழைத்த பாட்டரிக்கு அதுவே இறுதி அடி. பாட்டரி முனைகளில் பூத்திருக்கும் வெள்ளை உப்பைச் சுடுநீர் ஊற்றிக் கழுவி, கம்பிகளை இறுக முடுக்கினாலே பாதி நோய் தீர்ந்துவிடும். எஞ்சின் ஆயிலையும் நோக்கவேண்டும். டப்பாவின்மேல் 20டபிள்யூ-40 என்றும் 15டபிள்யூ-40 என்றும் எழுதியிருப்பதைக் கண்டிருப்பீர்கள். டபிள்யூ என்னும் எழுத்து குளிர்காலத்தைக் குறிப்பது. அதன் முன்னுள்ள எண் சிறிதாக இருப்பின், ஆயில் குளிரில் எளிதாக ஓடும் என்பது பொருள். தயாரிப்பாளர் அனுமதித்த ஆயிலையே, மாற்றவேண்டிய காலத்தில் மாற்றி ஊற்றுக.

இரண்டாங்குறி: எஞ்சின் விரைவாகச் சுழலும், ஆனால் புகைக் குழாயில் ஒரு துளிப் புகையும் வாராது. எண்ணெய் ஸிலிண்டரை எட்டவில்லை என்பதற்கு இது சான்று. எங்கோ ஒரு குழாய் இணைப்பு தளர்ந்து, இரவில் எண்ணெய் தொட்டிக்குத் திரும்பி வழிந்திருக்கும். அவ்விடத்தைக் காற்று நிரப்பியிருக்கும். கைப்பம்பை அழுத்திக் காற்றை வெளியேற்றினால் வண்டி கிளம்பிவிடும். எனினும் நாள்தோறும் அழுத்துவது மருந்தாகாது. தளர்ந்த இணைப்பைக் கண்டு அடைப்பதே மருந்து. ஃபில்டரின் அடியில் தேங்கும் நீரையும் அவ்வப்போது திறந்துவிடல் வேண்டும். நம் ஊரின் ஈரக்காற்று, பாதி காலியான தொட்டிக்குள் புகுந்து நீராகப் படியும். ஆதலின் இரவில் தொட்டியை நிறைத்து வைத்தல் நலம்.

மூன்றாங்குறி: எஞ்சின் நன்கு சுழலும், வெள்ளைப் புகையும் கொட்டும், ஆயினும் பற்றாது. அவ்வெள்ளைப் புகை எரியாத டீசலின் ஆவியே. எண்ணெய் வந்துவிட்டது, வெப்பம் வரவில்லை என்று வண்டி தன் வாயால் கூறுகிறது. இங்கே முதலில் ஐயுற வேண்டியது ஹீட்டர் பிளக்கை. நமக்கு அண்மையில் உத்தரபாராவில் உருவான டீசல் அம்பாஸடரின் 1489 கன சென்டிமீட்டர் எஞ்சின் போன்றவற்றில், ஸிலிண்டருக்குப் பக்கத்திலுள்ள சிற்றறையில் எண்ணெயைப் பீச்சுவர். அச்சிற்றறை வெப்பத்தை விரைவில் இழப்பதால், அதனைச் சூடேற்றிக் கொடுக்கும் ஹீட்டர் பிளக் இன்றியமையாதது. நான்கில் ஒன்று செத்தாலும் காலையில் எஞ்சின் நொண்டும். இரண்டு செத்தால் படுத்துவிடும். பெரிய பஸ், லாரி எஞ்சின்கள் பலவற்றில் எண்ணெயை நேரே ஸிலிண்டருக்குள் பீச்சுவதால் ஹீட்டர் பிளக் இராது. அவை நெருக்கத்தின் வலிமையையே நம்பியுள்ளன. 1948ஆம் ஆண்டில் அசோக் மோட்டார்ஸ் என்று தோன்றி, 1955ஆம் ஆண்டு முதல் அசோக் லேலண்ட் என்று பெயர் பெற்ற எண்ணூர்த் தொழிற்சாலையின் பஸ்களும் லாரிகளும் நம்மைப் போலவே தெற்கே பிறந்து வடக்கே பிழைக்க வந்தவை. எஞ்சினின் நெருக்கம் குன்றாத வரையில் அவற்றுக்கும் இவ்வூர்க் குளிர் உறைப்பதில்லை.

ஹீட்டர் பிளக்குகள் நன்றாக இருந்தும் வெள்ளைப் புகை நில்லாதாயின், எஞ்சினின் நெருக்கம் குன்றியது என்று கொள்க. எண்ணெயைப் பீச்சும் இன்ஜெக்டர்களையும் சோதித்து, பிஸ்டன் வளையங்களையும் வால்வுகளையும் செப்பனிடுவதே அதற்கு வழி. இதற்குக் குறுக்குவழி இல்லை.

நோயில்லாத பழைய வண்டியைக் காலையில் எழுப்பும் முறையும் ஒன்று உண்டு. விளக்கு, மின்விசிறி முதலிய யாவற்றையும் அணைத்துவிடுக. ஹீட்டர் பிளக் இருப்பின் வண்டியின் வகைக்கேற்பப் பத்து முதல் முப்பது வினாடி வரை சூடேற்றுக. கிளட்சை முழுதும் அழுத்துக; கியர்ப் பெட்டியின் கெட்டியான எண்ணெயைக் கலக்கும் வேலை ஸ்டார்ட்டருக்கு மிச்சமாகும். பத்துப் பதினைந்து வினாடிக்கு மேல் தொடர்ந்து சுழற்றவேண்டா. கிளம்பாவிட்டால் ஒரு நிமிடம் பொறுத்து மீண்டும் முயல்க. அவ்வோய்வில் பாட்டரி சிறிது தெம்பு பெறும், ஸ்டார்ட்டரும் ஆறும். கிளம்பியதும் உறுமவிட்டு வீரம் காட்டுவோர் பலர். மேலுள்ள உறுப்புகளுக்கு ஆயில் சென்று சேருமுன் எஞ்சினை உறுமச் செய்வது, நாம் செலுத்தும் மறுநாள் கடனுக்கு வட்டி கூட்டுவதாகும். அரை மணி நேரம் நின்றபடி ஓடவிடுவதும் வீண். சிறிது நேரம் பொறுத்து மெல்ல ஓட்டிச் செல்வதே எஞ்சினைச் சூடேற்றச் சிறந்த வழி.

இனிச் செய்யத்தகாதவற்றைக் கூறவேண்டும். இப்பகுதியை அன்பர்கள் ஊன்றிக் கேட்க வேண்டுகிறோம். தொட்டிக்குக் கீழே வைக்கோலையோ பழந்துணியையோ எரித்துச் சூடேற்றும் வழக்கம் நெடுஞ்சாலைகளில் உண்டு. தேங்காய் எண்ணெய் இறுகிற்று என்று குப்பியை அடுப்பின்மேல் வைப்போர் உண்டோ? சுடுநீரில் நனைத்த துணியை ஃபில்டரின்மேல் சுற்றுக, அது போதும். டீசலில் பெட்ரோலைக் கலப்போரும் உளர். தொட்டியில் எளிதில் பற்றும் ஆவி நிறைந்து தீ விபத்துக்கு வழி திறக்கும். மண்ணெண்ணெய் கலந்தாலோ, டீசலின் வழவழப்பை நம்பி ஓடும் விலையுயர்ந்த பம்பு தேயும். காற்றுக் குழாயில் ஈதர் தெளிப்பது இன்னொரு கொடுமை. ஹீட்டர் பிளக் கனன்றுகொண்டிருக்கும்போது ஈதர் உட்புகுந்தால் காலமல்லாக் காலத்தில் வெடித்துப் பிஸ்டனையே உடைக்கும். தள்ளிக் கிளப்புவோர் ஒன்றை மறவாதீர்கள்: எஞ்சின் ஓடாதபோது பல வண்டிகளில் பிரேக்குக்கு உதவும் சக்தி இராது. எல்லாவற்றினும் கொடியது, கதவடைத்த ஷெட்டில் எஞ்சினை ஓடவிடுதல். நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்ஸைடு வாயு அங்கே தேங்கும், உறக்கம் வருவதுபோல் தோன்றும், உயிர் போகும். கதவை முழுதும் திறந்து, கூடுமாயின் வண்டியை வெளியே தள்ளிய பின்னரே கிளப்புக.

நம்மவர் விடுமுறைக்கு மலையேறும் வழக்கமுடையவர். அங்கே மட்டும் குளிரை உண்மையான எதிரியாகக் கொள்ளவேண்டும். சிக்கிமில் 3,753 மீட்டர் உயரத்திலுள்ள சோம்கோ ஏரி குளிர்காலத்தில் உறைந்துவிடும். நம் மாநிலத்தின் மிக உயர்ந்த இடமாகிய சந்தக்ஃபூ 3,636 மீட்டர் உயரமுடையது. அம்மலைப் பாதையில் பல்லாண்டு ஓடிய பழைய லேண்ட் ரோவர் வண்டிகளுள் பல, பிற்காலத்தில் டீசல் எஞ்சின் மாற்றிப் பொருத்தப்பட்டவை. அத்தகைய இடங்களுக்குச் செல்வோர் ரேடியேட்டரில் வெறும் தண்ணீருடன் செல்லலாகாது. நீர் உறைந்தால் பெருகும். பெருகினால் இரும்பையும் பிளக்கும். எத்திலீன் கிளைக்காலும் நீரும் சரிபாதி சேர்ந்த கலவை மைனஸ் 35 டிகிரிக்கு அண்மை வரை உறையாது. வண்டியைக் காற்று வீசாத இடத்தில், காலை வெயில் முதலில் படும்படி நிறுத்துக. எஞ்சின் மூடியின்மேல் கம்பளம் போர்த்தினால், கிளப்புமுன் அதனை எடுத்துவிட மறவாதீர்கள்.

அன்பர்களே! இவ்வளவையும் வண்டியின் நலம் கருதி மட்டும் கூறினோம் அல்லோம். குளிர்காலத்தில் கல்கத்தாவின் காற்று அசைவின்றித் தரையோடு படிந்து கிடக்கும். புகை மேலே எழாது; சந்திலேயே தங்கும். நம் குழந்தைகள் பள்ளி வண்டிக்காகக் காத்து நிற்பதும், முதியோர் காலை உலா செல்வதும் அந்த நேரத்தில்தான். டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கவல்லது என்று உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012ஆம் ஆண்டில் திட்டவட்டமாக அறிவித்தது. நாள்தோறும் கால் மணி நேரம் வெள்ளைப் புகை கக்கிக் கிளம்பும் வண்டி, தன் உரிமையாளருக்குச் செலவு மிச்சம் என்று தோன்றலாம். அச்செலவை அண்டை வீட்டுக் குழந்தையின் நுரையீரல் செலுத்துகிறது.

பதினைந்து ஆண்டு கடந்த வாடகை வண்டிகளை இப்பெருநகரப் பகுதியிலிருந்து விலக்க வேண்டும் என்று கல்கத்தா உயர்நீதிமன்றம் 2008ஆம் ஆண்டில் ஆணையிட்டது. அவ்வாணை 2009ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. உத்தரபாராத் தொழிற்சாலை 2014ஆம் ஆண்டு மே மாதத்தில் அம்பாஸடர் உற்பத்தியை நிறுத்தியது. எஞ்சியுள்ள மஞ்சள் டாக்ஸி அம்பாஸடர்களுள் இளையதும் பத்தாண்டு கடந்துவிட்டது. அவற்றை ஓட்டிப் பிழைப்போருக்கு வண்டியே வயிறு. இதனை நாம் மறந்து பேசலாகாது. ஒரு காலைச் சவாரி தவறினால் அவ்வீட்டின் அடுப்பு தவறும். அதனாலன்றோ அவர்கள் ஈதரையும் தள்ளுவோரையும் நாடுகின்றனர்! அவர்களைக் கடிந்துகொள்வது எளிது. நான்கு ஹீட்டர் பிளக்கும் ஒரு நல்ல பாட்டரியும் காலத்தில் வாங்க உதவுவது அதனினும் சிறந்த அறம். அத்தனையும் செய்த பின்னரும் புகை நில்லாத வண்டிக்கு விடை கொடுப்பதும் அறமே. உழைத்துத் தேய்ந்ததற்கு ஓய்வு தருதல் நன்றி மறப்பதாகாது.

ஆகவே சங்கத்திற்கு ஒரு விண்ணப்பம் வைக்கின்றோம். வங்காளத்து அன்பர்கள் செப்டம்பர் 17ஆம் நாளையொட்டி விசுவகர்மா பூஜை செய்து எந்திரங்களை வணங்குகின்றனர். நாமோ ஆயுத பூஜையன்று வண்டிக்குச் சந்தனமும் மாலையும் சாத்தி, சக்கரத்தின்கீழ் எலுமிச்சம்பழம் வைக்கின்றோம். இவ்விரு விழாக்களுக்கும் கார்த்திகைக்கும் இடையில், குளிர் தொடங்குமுன், ஒரு ஞாயிற்றுக்கிழமையை வண்டிச் சோதனை நாளாகச் சங்கம் அறிவிக்கட்டும். தொழிலறிந்த மெக்கானிக் ஒருவரை அமர்த்துவோம். காலனியில் உள்ள பழைய டீசல் வண்டிகள் யாவற்றின் பாட்டரியையும், ஹீட்டர் பிளக்கையும், ஃபில்டரையும் அன்று சோதிப்போம். வசதியற்ற ஓட்டுநருக்கு வேண்டிய உறுப்புகளைச் சங்க நிதியிலிருந்து கடனாக வழங்குவோம். அவர் சிறுகச் சிறுகத் திருப்பித் தரட்டும். எலுமிச்சம்பழம் தன் பணியைச் செய்யட்டும். ஸ்பானரும் தன் பணியைச் செய்யட்டும்.